சொல்லிட்டுப் போங்க!

குழந்தையிடம் நாம் சொல்கிற முதல் பொய் எது?

'காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு' என்பதாகத்தான் இருக்கும். பிள்ளை கையில் இருந்த செல்போனைப் பிடுங்கி, முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, வானத்தைக் காட்டிச் சொல்வோமே... அதேதான்! பாவம் அந்தக் காக்கா. நம் வீடுகளில் இருந்து அது தூக்கிப்போன கத்தரிக்கோல், சாக்லேட், ரிமோட் எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு பெட்டிக்கடையே வைக்கலாம்.

இந்தப் பொய்யால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. குழந்தை இரண்டு நிமிஷம் வானத்தைப் பார்க்கும், அப்புறம் மறந்துவிடும். ஆனால், இதற்கு அடுத்து நாம் சொல்கிற பொய் அப்படிப்பட்டதில்லை. அதைச் சொல்கிற இடம், அங்கன்வாடி வாசல்.

'அம்மா எங்கியும் போவல சாமி. இங்கயே, வெளியிலதான் நிக்கறேன்!'

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், கச்சிராயபாளையம்... எந்த ஊர் அங்கன்வாடியாக இருந்தாலும் சரி. (ஜனங்கள் வாயில் அது இன்னமும் 'பால்வாடி'தான்!) ஜூன் மாதம், காலை 9 மணி வாக்கில் வாசலில் நின்று பாருங்கள். புதுசாகச் சேர்ந்த பிள்ளை அம்மாவின் புடவையை இரண்டு கையாலும் சுருட்டிப் பிடித்திருக்கும். தலையில் எண்ணெய் வைத்து, பவுடர் அப்பி, நெற்றியில் மை பொட்டு. கண்ணில் மட்டும் சந்தேகம். ஆயா வந்து இடுப்பில் வாங்கிக்கொள்வார். 'அதோ பாரு ஆட்டுக்குட்டி!' என்பார். பிள்ளை திரும்பும். அந்த ஒரு நொடியில் அம்மா செருப்பைக்கூடப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு நழுவிவிடுவார்.

பிள்ளை திரும்பிப் பார்க்கும். ஆட்டுக்குட்டி இருக்கும், அம்மா இருக்க மாட்டார்.

அப்புறம் கிளம்புமே ஓர் அழுகை... அது தெருமுனை வரைக்கும் அம்மாவைத் துரத்திக்கொண்டே போகும்.

இது தப்பா, சரியா?

'இதெல்லாம் ஒரு விஷயமா சார்? நாலு நாள் அழும், அஞ்சாம் நாள் பழகிடும். நாமெல்லாம் இப்படித்தானே வளர்ந்தோம்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் வர மறுத்த பையனை நாலு பெரிய பையன்கள் கையைக் காலைப் பிடித்துத் தூக்கி வருவார்கள். அதோடு ஒப்பிட்டால் ஆட்டுக்குட்டியைக் காட்டுவது எவ்வளவோ மேல்!

அந்த அம்மாவின் பக்கம் நின்றும் பார்க்க வேண்டும். களையெடுக்கப் போகிறவர், நேரத்துக்குக் காட்டில் இருந்தாக வேண்டும். பத்து நிமிஷம் தாமதமானால், 'நாளைக்கு வா' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஜவுளிக்கடையில் நிற்கிறவருக்கு அரை நாள் சம்பளம் போச்சு. வாசலில் நின்று பிள்ளையைச் சமாதானப்படுத்தும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் அவர் காசு கொடுக்கிறார்.

டீச்சர் பாடு அதைவிட மோசம். ஒரு டீச்சர், ஒரு ஆயா. ஆயா அடுப்பைப் பார்க்க வேண்டும். டீச்சர் பாட்டும் கதையும் மட்டும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. எடை போடணும், உயரம் அளக்கணும், கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுத்துக் கணக்கு எழுதணும், போதாததற்கு செல்போன் செயலியில் எல்லாவற்றையும் ஏற்றணும். இதற்கு நடுவில் ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தால், அதைப் பார்த்து இன்னும் நாலு அழும். 'நீ நின்னுட்டே இருந்தா அது இன்னும் அழும். சட்டுனு கெளம்பும்மா, நான் பாத்துக்கறேன்' என்று அவர் சொல்வதில் அனுபவம் இருக்கிறது, இரக்கமும் இருக்கிறது.

ஆக, அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. நல்லவர்கள் சேர்ந்து, நல்லதுக்காகச் சொல்கிற பொய் அது.

நல்லதுக்காகப் பொய் சொல்லலாமா? இந்தக் கேள்விக்கு வள்ளுவர் வாய்மை அதிகாரத்திலேயே வழிவிட்டிருக்கிறார். குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யையும் உண்மையின் இடத்தில் வைக்கலாம் என்பது அவர் கட்சி. ஜெர்மனியின் இமானுவேல் கான்ட் இதற்கு நேர் எதிர். கொலைகாரன் துரத்திக்கொண்டு வந்து, 'உன் நண்பன் உள்ளே இருக்கானா?' என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797-ல் ஒரு கட்டுரையே எழுதினார். கான்ட் கல்யாணம் ஆகாதவர். பிள்ளையைப் பால்வாடியில் விட்ட அனுபவம் அவருக்கு இல்லை. எனவே, நாம் வள்ளுவர் பக்கமே போவோம்.

ஆனால், வள்ளுவர் சும்மா அனுமதி கொடுக்கவில்லை, நிபந்தனை போட்டிருக்கிறார். நன்மை வர வேண்டும். அதுவும் குற்றம் கலக்காத நன்மையாக இருக்க வேண்டும். நான் பி.காம். படித்தவன். தத்துவம் முழுசாகப் புரியாவிட்டாலும் வரவு-செலவு புரியும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

வரவு: அம்மாவுக்குப் பத்து நிமிஷம் மிச்சம். பிரியும் நேரத்தில் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டிய வேதனை மிச்சம். டீச்சருக்கு வாசலில் கூட்டம் சீக்கிரம் கலையும்.

இதில் பிள்ளைக்கு என்ன வரவு? ஒன்றுமில்லை. அது எப்படியும் அழத்தான் போகிறது.

செலவு: 'அம்மா வேலைக்குப் போகிறாள்' என்பதை அந்தப் பிள்ளை அன்றைக்குக் கற்றுக்கொள்ளவில்லை. அது கற்றுக்கொண்டது வேறு. 'நான் திரும்பிப் பார்த்தால் அம்மா காணாமல் போவாள்.' அதனால்தான் மறுநாள் இன்னும் இறுக்கமாகப் புடவையைப் பிடிக்கிறது. பொம்மையைக் காட்டினாலும் பார்க்காது. ஆட்டுக்குட்டி, யானைக்குட்டி எதைக் காட்டினாலும் திரும்பாது. வீட்டுக்கு வந்த பிறகும் அம்மா பாத்ரூம் போனால் கதவைத் தட்டி அழும். நாம் அதற்கு 'அடம்' என்று பெயர் வைக்கிறோம். அடம் இல்லைங்க. ஒரு தடவை ஏமாந்தவனின் ஜாக்கிரதை!

வணிகவியலில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து உண்டு. கண்ணால் பார்க்க முடியாது, கையால் தொட முடியாது. ஆனால், கடையை விற்கும்போது அதற்கும் விலை போடுவார்கள். 'இந்தக் கடையில் எடை சரியா இருக்கும்' என்று ஊர் நம்புகிறதே, அந்த நம்பிக்கைக்கான விலை. பிள்ளையிடம் பெற்றவர்களுக்கு இருக்கும் சொத்தும் அது ஒன்றுதான். பத்து நிமிஷத்தை மிச்சம் பிடிக்க, அந்த மூலதனத்தில் கை வைக்கிறோம். வள்ளுவரின் நிபந்தனையில் இந்தப் பொய் தேறவில்லை.

இதில் எனக்கு ஆச்சரியமான விஷயம் ஒன்று உண்டு. தமிழில் விடைபெறும் சொல்லைக் கவனித்திருக்கிறீர்களா? நாம் 'போறேன்' என்று சொல்வதில்லை. சொன்னால் பாட்டி திட்டுவார். 'அப்படிச் சொல்லக் கூடாது, போயிட்டு வரேன்னு சொல்லு!' நமக்கு விடைபெறுவதே திரும்பி வருவேன் என்று வாக்குக் கொடுப்பதுதான். கடைக்குப் போகிறவன், கல்யாணத்துக்கு வந்துவிட்டுக் கிளம்புகிற ஒன்றுவிட்ட சித்தப்பா, துபாய்க்கு விமானம் ஏறுகிறவன்... எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். மறுபடி அந்த வீட்டுப் பக்கமே வரப்போவதில்லை என்று தெரிந்த விருந்தாளிகூட அதைச் சொல்லிவிட்டுத்தான் செருப்பு மாட்டுகிறார்.

அந்தச் சொல் யாருக்கு மிக அதிகமாகத் தேவையோ, அந்த இரண்டரை வயசுப் பிள்ளைக்கு மட்டும் சொல்லாமல் போகிறோம்.

சொன்னால் அழும். நிச்சயம் அழும். அழுகையைத் தவறு என்று நினைப்பதில்தான் எல்லாச் சிக்கலும் ஆரம்பிக்கிறது. அந்த அழுகையில் ஒரு கேள்வி இருக்கிறது: 'நீ திரும்பி வருவியா?' அதற்குப் பதில் வாயால் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. சொல்ல வேண்டும், சொன்னபடி வர வேண்டும். மறுநாளும் சொல்ல வேண்டும், மறுபடி வர வேண்டும். எத்தனை நாளில் பிள்ளை நம்பும் என்பது பிள்ளையைப் பொறுத்தது. பத்து நாள் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். நம்பிய பிறகு நிறுத்தும் அழுகைதான், 'பழகிடுச்சு' என்று சொல்லத் தகுதியானது.

எப்போது வருவேன் என்பதையும் பிள்ளையின் கடிகாரத்தில் சொல்ல வேண்டும். 'மூன்றரை மணிக்கு வரேன்' என்றால் அதற்கு என்ன தெரியும்? மணி தெரியாவிட்டாலும் ஒன்றுக்குப் பின் ஒன்று தெரியும். முதலில் பாட்டு, அப்புறம் சாப்பாடு, முட்டை போடுகிற நாள் என்றால் முட்டை, அப்புறம் பாயில் தூக்கம். 'நீ தூங்கி எந்திரிச்சு மூஞ்சி கழுவினதும் வந்துடுவேன்' என்றால் அதற்குப் புரியும். அங்கன்வாடியில் தினமும் அதே வரிசையில் அதே வேலைகள் நடப்பதற்குப் பின்னால் இப்படி ஒரு காரணமும் இருக்கிறது. சாதம் வந்துவிட்டதா, இன்னும் ஒரு தூக்கம்தான் பாக்கி!

இதுவரை அழுகிற பிள்ளையைப் பார்த்தோம். அழாத பிள்ளை என்று ஒன்று உண்டு. அதைப் பார்க்க மலை ஏற வேண்டும்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து ஏறினால் கல்வராயன் மலை. வெள்ளிமலையும் கரியாலூரும் அங்கேதான். அந்த மலையின் பழங்குடி மக்களுக்கு 'மலையாளி' என்று பெயர். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மலையை ஆள்பவர்கள், தமிழ் பேசுகிறவர்கள். பரம்பரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்து அந்த மலை முழுசாக அரசாங்கத்தின் கைக்கு வந்தது 1976-ல்தான். அங்கன்வாடிகளை உருவாக்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 இடங்களில் தொடங்கியதோ 1975 அக்டோபர் 2-ல். தமிழ்நாட்டில் இன்று 54,000-க்கும் மேல் அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. மலைக்கும் வந்துவிட்டன.

மலையில் மரவள்ளியும் சாமையும் போட்டு வருஷம் முழுக்கச் சாப்பிட முடியாத குடும்பங்கள் கீழே இறங்குகின்றன. கேரளத்தின் மிளகுத் தோட்டம், கர்நாடகத்தின் காபித் தோட்டம், நகரத்துக் கட்டட வேலை. போனால் வாரக்கணக்கு, மாசக்கணக்கு. சின்னப் பிள்ளைகள் சில சமயம் கூடவே போகும். சில சமயம் பாட்டியிடம் நிற்கும்.

பாட்டியோடு நிற்கிற பிள்ளையை அங்கன்வாடியில் கொண்டுவந்து விட்டால், பல நேரம் அது அழாது. கொடுத்த இடத்தில் உட்காரும். போட்டதைச் சாப்பிடும். 'ரொம்ப நல்ல புள்ள. ஒரு நாள்கூட அழுததில்ல' என்று பெயர் வாங்கும்.

அந்த அமைதியைப் பற்றி லண்டனில் ஒருவர் படம் எடுத்திருக்கிறார். பெயர் ஜேம்ஸ் ராபர்ட்சன். குழந்தைகளின் பிரிவுத் துயரத்தை ஆராய்ந்த ஜான் பௌல்பியோடு டாவிஸ்டாக் கிளினிக்கில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்து இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் பிள்ளையைச் சேர்த்துவிட்டால் பெற்றவர்கள் நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்க முடியாது. 'வந்தால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் அமைதியாகப் பழகிவிடுகிறது' என்பது நர்ஸுகள் சொன்ன காரணம். லாரா என்ற இரண்டு வயசுக் குழந்தை 8 நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததை ராபர்ட்சன் படம் பிடித்து, 1952-ல் வெளியிட்டார். அந்தப் பிள்ளை ஓயாமல் கத்தவில்லை. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டு, நடுநடுவே அம்மா எங்கே என்று கேட்டது. அம்மா வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ராபர்ட்சனும் பௌல்பியும் மூன்று கட்டங்களைச் சொன்னார்கள். முதலில் எதிர்ப்பு, அழுகையும் அலறலும். அடுத்து நம்பிக்கை இழந்த சோர்வு. மூன்றாவது, ஒட்டாமல் விலகிப்போவது. இந்த மூன்றாவதைப் பார்த்துத்தான் 'பழகிடுச்சு' என்று எல்லோரும் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள்! படத்துக்கு டாக்டர்களிடம் எதிர்ப்பு இருந்தது. ஆனாலும், 1959-ல் இங்கிலாந்தில் ப்ளாட் குழு, பெற்றவர்கள் எந்நேரமும் வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரை செய்தது. நம்ம ஊர் அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளையின் கட்டிலுக்குக் கீழேயே பாய் விரித்துப் படுக்கிற அம்மாக்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அங்கன்வாடியில் ஆறு மணி நேரம் இருப்பதும், எட்டு நாள் ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடப்பதும் ஒன்றல்ல. சாயங்காலம் அம்மா வந்துவிடுகிற பிள்ளைக்கு லாராவின் கதி வராது. மாசக்கணக்கில் அம்மா முகம் பார்க்காத மலைப் பிள்ளைதான் லாராவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பாட்டியின் மடி இருப்பது பெரிய காப்பு. இருந்தாலும், அழாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளை நல்ல பிள்ளையாக இருப்பதாலா அமைதியாக இருக்கிறது, கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனதாலா என்று ஒரு டீச்சர் யோசித்துப் பார்த்தால் போதும். அழுகிற பிள்ளைக்கு முன்னால் இதைத்தான் மடியில் எடுத்து வைத்துக்கொள்வார்.

இப்போது ஒரு கஷ்டமான கேள்வி. வருவேன் என்று சொல்ல முடியாதவர்கள் என்ன செய்வது?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அப்பாவை, அம்மாவை, சில வீடுகளில் இருவரையும் இழந்த பிள்ளைகள் உண்டு. அந்த வீடுகளில் என்ன பேசினார்கள் என்பது நமக்கு வேண்டாம். பொதுவாகச் சாவு வீட்டில் மூன்று வயசுப் பிள்ளையிடம் நாம் என்ன சொல்வோம்? 'அப்பா ஊருக்குப் போயிருக்காரு.' நல்ல மனசோடுதான் சொல்கிறோம். அதன் வாயில் இருந்து அடுத்த கேள்வி வந்துவிடக் கூடாதே என்ற பயம்.

அந்தப் பிள்ளையை நாளைக்கு அங்கன்வாடியில் விட்டுவிட்டு, மிச்சம் இருக்கிற அம்மா, 'ஊருக்குப் போயிட்டு வரேன்' என்று சொன்னால் அதற்கு எப்படி இருக்கும்? ஊருக்குப் போனவர் வரவில்லை என்பது அதற்குத் தெரியுமே! நாம் கருணையோடு சொன்ன பொய், நாளைக்குச் சொல்லப்போகும் உண்மையையும் சேர்த்துக் கெடுத்துவிடுகிறது. 'அப்பா செத்துட்டாரு, இனிமே வர முடியாது. நான் சாயங்காலம் வருவேன், பாட்டி வீட்ல இருப்பா' என்று சொல்வது கல் நெஞ்சம் போலத் தோன்றும். சொல்கிறவருக்கே தொண்டை அடைக்கும். ஆனாலும், அந்தப் பிள்ளை கால் ஊன்றி நிற்பதற்கு அதில் ஓர் இடம் இருக்கிறது. தோட்ட வேலைக்குப் போகிறவர்களும் 'நாளைக்கு வந்துடுவேன்' என்று சொல்லாமல், 'பொங்கலுக்கு வருவேன், அதுவரைக்கும் பாட்டிகூடத் தூங்கு' என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

சரி, இதையெல்லாம் அம்மாவின் தலையில் மட்டும் கட்டிவிட்டு எழுந்து போவது நியாயமா?

ஜெர்மனியில் 'பெர்லின் முறை' என்று ஒன்றைப் பல குழந்தைக் காப்பகங்களில் பின்பற்றுகிறார்கள். பிள்ளையைச் சேர்க்கும் அம்மாவோ அப்பாவோ முதல் மூன்று நாளும் கூடவே வந்து, ஒரு மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். நாலாம் நாள்தான் கொஞ்ச நேரம் வெளியே போய்ப் பார்ப்பார்கள். அதுவும் பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான்! பிள்ளை புது ஆளிடம் சமாதானம் ஆனால் மேலே போவார்கள். ஆகாவிட்டால் இன்னும் கொஞ்ச நாள்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. கச்சிராயபாளையத்தில் தினக்கூலிக்குப் போகும் எந்தப் பெண் மூன்று நாள் மூலையில் உட்கார முடியும்? அவர் ஆட்டுக்குட்டியைக் காட்டிவிட்டு ஓடுவது அன்பு இல்லாமல் இல்லை, கூலி போய்விடும் என்பதால். ஒரு அம்மாவுக்குத் தன் பிள்ளையிடம் உண்மையாக இருப்பதற்கே காசு வேண்டியிருக்கிறது என்றால், அந்தப் பொய்யில் நமக்கும் பங்கு இருக்கிறது. பத்து நிமிஷம் தாமதமாக வந்தவரைத் திருப்பி அனுப்பும் முதலாளிக்குப் பங்கு. 30 பிள்ளைக்கு ஒரு டீச்சரை வைத்து, அவரிடமே பத்து ரெஜிஸ்டரையும் கொடுக்கும் அரசாங்கத்துக்குப் பங்கு. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், கல்வராயன் மலை மக்களின் நிலைமை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தபோது, அங்கே முக்கியமாகப் பேசப்பட்டது சாலையும் பஸ்ஸும்தான். மலைப் பாதையில் பஸ் வராவிட்டால், சாயங்காலம் வருவேன் என்ற அம்மாவின் வாக்கும் வராது.

இவ்வளவையும் மாற்ற நாளாகும். அதுவரை வாசலில் செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது, செலவில்லாதது. நழுவாதீர்கள். குனிந்து, பிள்ளையின் முகத்துக்கு நேராக உங்கள் முகத்தை வைத்து, 'அம்மா வேலைக்குப் போயிட்டு, நீ தூங்கி எந்திரிச்சதும் வருவேன்' என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். அப்புறம் இழுத்துக்கொண்டு நிற்காமல் கிளம்புங்கள். நீண்ட நேரம் நின்றால் அழுகை கூடும் என்று டீச்சர் சொல்வது சரிதான். சுருக்கமாகப் பிரியலாம், திருட்டுத்தனமாகப் பிரிய வேண்டாம். டீச்சர்களும், 'அம்மா இங்கதான் இருக்காங்க' என்று சமாளிக்காமல், 'அம்மா வேலைக்குப் போயிருக்காங்க, உனக்கு அழுகையா வருது, என்கிட்ட வா' என்று சொல்லலாம். பிள்ளை அம்மாவை மறந்துவிட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அம்மாவை நம்பிக்கொண்டே இரண்டாவதாக இன்னொரு மடியையும் நம்பினால், அதுதான் பழகுவது.

அதற்குள் அழத்தான் செய்யும். அழட்டும். ஆனால், ஏமாந்து அழ வேண்டாம்.